கோடு நின்ற வீடு

கிணற்றில் தண்ணீர் மாதிரி எடுக்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று நோட்டீஸ் வந்ததும் கொத்தனார் முதல் வேலையாகக் கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. இருந்ததும் பாதி சேறு. அதில் ஒற்றைச் செருப்பு ஒன்று, பிளாஸ்டிக் மூடிகள், இலைக் குப்பை, எப்போதோ விழுந்த வாளியின் கைப்பிடி. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இதையா காட்டறது?" என்றார் மனைவியிடம்.

"அவங்க என்ன விருந்துக்கா வர்றாங்க? ஒரு பாட்டில் மொண்டுட்டுப் போகப் போறாங்க."

"நாலு பேர் வந்து எட்டிப் பாக்கற கிணறு. கட்டினவன் யாருன்னு கேப்பாங்கல்ல?"

கட்டியவர் அவர்தான். சுற்றுச்சுவர், உள்வளையம், படிக்கம்பி எல்லாம் அவர் கை வேலை. ஊரில் பாதிப் பேர் வீட்டில் சுவர் எழுப்பியவருக்குத் தன் வீட்டுக் கிணறு ஒரு விளம்பரப் பலகை மாதிரி.

எதற்காக மாதிரி எடுக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தெருவின் முனையில் ஒரு முலாம் பட்டறை இருந்தது. குழாய், கைப்பிடி, சைக்கிள் உதிரி எல்லாவற்றுக்கும் பளபளப்பு ஏற்றும் இடம். கழிவை வருடக்கணக்காகப் பின்பக்கக் குழியில் விட்டார்கள். பிறகு குழியை மூடினார்கள். அப்புறம் பட்டறையையும் மூடினார்கள். மண்ணுக்குள் இறங்கியதை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. பட்டறைக்குப் பக்கத்தில் இருந்த லாண்டரிக்காரர் வெளுக்கப் போட்ட வெள்ளைச் சட்டைகள் மஞ்சளாக வெளியே வந்தன. அவர் முதலில் சோப்பைத் திட்டினார், பிறகு மனைவியைத் திட்டினார், கடைசியாகத்தான் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். பரிசோதித்தபோது குரோமியம் என்றார்கள். குடித்தால் வயிற்றையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் சரக்கு.

அதன் பிறகு மண், நிலத்தடி நீர் ஆய்வுத் துறை வந்தது. சட்டம் இப்படி: வீடு வீடாக மாதிரி எடுப்பார்கள். வரம்புக்கு மேல் நஞ்சு எதுவரை இருக்கிறதோ அதுவரை வரைபடத்தில் ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பட்டறை முதலாளிகள் மண்ணைத் தோண்டி மாற்ற வேண்டும், நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், அது முடியும்வரை குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. இறுதி உத்தரவு வந்துவிட்டால் அந்தக் கோட்டை அத்தனை சுலபமாக அசைக்க முடியாது.

கொத்தனார் வீடு தெருவின் கடைசி வீடு. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை வீடுகள் வரிசையாக இருந்தன. எல்லோருக்குமாக ஒரே ஒரு கிணறு. வழக்கப்படி கடைசி வீட்டில் எடுத்துப் பார்த்து, அங்கே நஞ்சு இருந்தால் மட்டுமே அந்த வரிசைக்குப் போவார்கள்.

கொத்தனார் கிணற்றில் இறங்கினார். சேற்றை வாரி மேலே அனுப்பினார், மனைவி இழுத்துக் கொட்டினாள். கம்பி பிரஷ் வைத்து வளையங்களைத் தேய்த்தார். ஈரத்தரை தெரிய இறைத்துவிட்டு மேலே ஏறிப் பார்த்தால் கிணறு பளிச்சென்று இருந்தது, தண்ணீர்தான் இல்லை. கோடையில் ஊற்று மெதுவாகத்தான் சுரக்கும். வெறும் கிணற்றைக் காட்டுவதும் அவமானமாகப் பட்டது. கட்டட வேலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரிக்காரர் பழக்கம். கூப்பிட்டதும் வந்தார், கிணற்றுக்குள் குழாயை விட்டார், பாதிக் கிணறு நிரம்பியது. மகள் அப்போது பேக்கிங் கம்பெனியில் ஷிப்டில் இருந்தாள். அவள் குழந்தை கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. மருமகனுக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார்.

மறுநாள் அதிகாரி வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. தெருவுக்கு வந்த முதல் நாளே ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்ததால் அவருக்கு மண்ணம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும், கண்டுகொள்ளமாட்டார்.

"கிணறு ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்களே அண்ணே" என்றார்.

கொத்தனாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "நம்ம கட்டினது மேடம்."

"கடைசியா எப்ப இறைச்சீங்க?"

"நேத்துதான். முழுசா இறைச்சு விட்டுட்டேன்."

"ரொம்ப நல்லது. பழைய தண்ணி போய்ப் புதுத் தண்ணி ஊறியிருக்கும். எல்லார் வீட்டுலயும் இதைச் செய்யச் சொல்லி மன்றாடறேன், யாரும் கேக்க மாட்டேங்கறாங்க."

பாராட்டு விழுந்த இடத்தில் லாரியைப் பற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதில் பெரிய விஷயம் ஏதும் இருப்பதாகவும் தோன்றவில்லை. தண்ணீர் தண்ணீர்தானே. மண்ணம்மா கயிற்றில் ஒரு குழாயை இறக்கித் தண்ணீர் எடுத்து, பாட்டில்களில் நிரப்பி, மூடியில் ஒட்டி முத்திரை போட்டு, ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். பட்டறை முதலாளிகள் தரப்பில் வந்திருந்த இன்ஜினியரும் தன் பங்குக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

முடிவு வந்தபோது வீட்டில் சிரிப்புச் சத்தம். வரம்புக்கு மிகமிகக் கீழே. மகள் அந்தத் தாளைப் பிரிஜ் மேல் காந்தம் வைத்து ஒட்டினாள்.

"இனிமே கேன் தண்ணி தூக்கற வேலை மிச்சம்" என்றாள். "எனக்கு இடுப்பே போச்சு."

"உனக்கு இடுப்பு இருக்கற விஷயமே இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள் அம்மா. "குனிஞ்சு ஒரு வேலை செஞ்சு பாத்ததில்ல."

அன்றிலிருந்து சமையலுக்கும், குடிக்கவும், குழந்தையின் பால்மாவு கரைக்கவும் கிணற்றுத் தண்ணீர். கொதிக்க வைத்துத்தான் கரைத்தாள். அதெல்லாம் ஒழுங்கான பெண். பின்வரிசையிலிருந்தும் சில பெண்கள் வந்து பிரிஜ் மேலிருந்த தாளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உங்க கிணறு நல்லதுன்னா எங்க கிணறும் நல்லதுதானே, அதுக்கும் பின்னாலதானே இருக்கு என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். கொத்தனாரும் தலையாட்டினார்.

வரைபடத்தை லாண்டரிக்காரர் வீட்டு வாசலில் ஒட்டியபோது கொத்தனாரும் போய்ப் பார்த்தார். சிவப்புக் கோடு பட்டறையிலிருந்து தெருவோடு இறங்கி, அவர் வீட்டுப் பக்கச் சுவரில் வந்து முட்டி, அப்படியே திரும்பிவிட்டது. தற்காலிகக் கோடுதான் என்றாலும், அதற்குள் இருந்த வீடுகளுக்கு முதலாளிகள் செலவில் தண்ணீர் வண்டி வரத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற முதலாளிகள் தரப்பு இன்ஜினியர் அவர் தோளில் கை போட்டார்.

"கொத்தனாரே, உங்களுக்கு நாங்க மாலை போடணும்."

"நான் என்ன சார் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலையே, அதான் அழகு. உங்க கிணறு சுத்தமா இருக்கப் போய்க் கோடு அங்கேயே நின்னுது. இல்லேன்னா பின்வரிசை மொத்தமும் எங்க தலையில விழுந்திருக்கும். எவ்வளவு மண்ணுங்க! மலை மாதிரி அள்ளணும்."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்தக் கை தோளில் இருப்பது போலவே இருந்தது. கோடு நின்றது தன் கிணற்றால் அல்ல, லாரியால் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வந்த சூட்டோடு ஒரு வாளி இறைத்தார். லாரித் தண்ணீர் எப்போதோ தீர்ந்து, கிணறு தன் ஊற்றில் சுரந்துகொண்டிருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டும் வெள்ளை டப்பில் ஊற்றினார். வாளியில் தெரியாதது டப்பில் தெரிந்தது. நாள்பட்ட காகிதத்தின் நிறம்.

மனைவி பார்த்தாள். "வெளிச்சத்துல அப்படித் தெரியுதோ?" என்றாள். அவள் குரலிலேயே அது கேள்வி இல்லை என்று தெரிந்தது.

மண்ணம்மாவுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். தனியாக வந்தார்.

"அண்ணே, உங்களுக்கு முந்தின வீட்டுல வரம்பைப் போல பல மடங்கு இருக்கு. உங்க வீட்டுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. நடுவுல ஒரு சுவர். விஷம் வாசல்ல செருப்பைக் கழட்டி வச்சுட்டு நிக்காது. நான் வர்றதுக்கு முன்னாடி கிணத்துல ஏதாவது செஞ்சீங்களா?"

"சொன்னேனே மேடம், இறைச்சேன்."

"வெளித் தண்ணி எதுவும் ஊத்தலையே?"

மனைவி கதவோரம் நின்றிருந்தாள். நோட்டீஸின் கடைசி வரி கொத்தனாருக்கு மனப்பாடம்: மாதிரியில் தலையிடுவது தண்டனைக்குரிய குற்றம். அன்றைக்குப் படித்தபோது அது வேறு யாருக்கோ எழுதியது போல இருந்தது.

"இல்லைங்க" என்றார்.

"நானா மறுபடி எடுக்க முடியாது. ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட முடிவு. யாராவது விசாரணைக் கூட்டத்துல எழுந்து ஆட்சேபம் சொன்னாத்தான் உண்டு. கூட்டம் முடிஞ்சா கோடு இறுதி." கூடத்துப் பக்கம் பார்த்தார். "உங்க வீட்டுல கைக்குழந்தை இருக்கே, அதனால கேட்டேன்."

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா உள்ள போட்டுடுவாங்கடி."

"கிணத்தைக் கழுவினதுக்கா உள்ள போடுவாங்க?"

"கழுவினதுக்கு இல்ல. மறைச்சதுக்கு."

இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வழி என்றால், சொல்லாமலிருக்கும் வழி. கொத்தனார் கிணற்று மோட்டாரின் பியூஸைக் கழற்றி ஒளித்து வைத்தார். கிணற்றுக் கயிறு திடீரென்று இற்றுப்போனது. மோட்டார் கெட்டுப்போச்சு என்று மகளிடம் சொல்லி, அம்மா மறுபடி கேன் தண்ணீர் வாங்கினாள். மகள் திட்டினாள். சர்டிபிகேட் வாங்கி பிரிஜ் மேல ஒட்டி வச்சுட்டுக் காசு குடுத்துத் தண்ணி வாங்கற குடும்பம் நாம ஒண்ணுதான் என்றாள். குழந்தைக்கு வாயோரம் சிவந்து, குடித்த பாலைக் கக்கிக்கொண்டிருந்தது. பல் வருவதால் இருக்கலாம் என்றார் மருந்துக்கடைக்காரர். இருக்கலாம்தான்.

கூட்டத்தன்று காலையில் கொத்தனார் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போகலாம், கடைசி வரிசையில் உட்காரலாம், கோடு இறுதியாவதைப் பார்த்துவிட்டு வரலாம், பிறகு ஏதாவது காரணம் சொல்லிக் கிணற்றை மூடிவிடலாம். அவ்வளவுதான் அவர் திட்டம். கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

அடுக்களைக்கு ஓடினார். மகள் பால் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மோட்டார் நல்லாத்தான் இருக்கு. பியூஸ் இல்ல, அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் வருவார் வருவார்னு எத்தனை நாளா சொல்லிட்டிருக்கீங்க? எங்க கம்பெனியில தினமும் நானே போடறேன். கேன் காலி, குழந்தை கத்துது, அதான்…"

அவர் பாட்டிலைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தார். குழந்தை வீறிட்டது. மகள் அவரையும், தொட்டியில் ஓடும் பாலையும், வாசல்படியில் வாய் பொத்தி நின்ற அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன?" என்றாள்.

கொத்தனார் சொன்னார். சேறு, பிரஷ், லாரி, மண்ணம்மாவின் கேள்வி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

"அப்போ முடிவு வந்ததுலேருந்து நான் இவனுக்கு என்ன குடுத்திட்டிருந்தேன்?"

"முதல்ல கொஞ்ச நாள் லாரித் தண்ணிதான் இருந்திருக்கும்மா. அப்புறம்தான்…"

"அது எப்ப தீந்துது?"

அவருக்குத் தெரியாது. அதை யாரும் கவனித்திருக்கவில்லை.

"பியூஸை ஒளிக்கத் தெரிஞ்சுது. வாயைத் திறக்கத் தெரியலை" என்றாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "கிளம்புங்க. கூட்டத்துக்கு நானும் வர்றேன்."

சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேடையில் தலைமை அதிகாரி, ஒரு பக்கம் மண்ணம்மா, மறுபக்கம் முதலாளிகள் தரப்பு இன்ஜினியர். மகள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கொத்தனாரால் கடைசி வரிசைக்குப் போக முடியவில்லை. லாண்டரிக்காரர் இடம் கொடுத்து, "வாங்க மாப்பிள்ளை மாதிரி முன்னாடியே உக்காருங்க, சுத்தமான கிணத்துக்குச் சொந்தக்காரர்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கோட்டின் மீது ஆட்சேபம் உண்டா என்று தலைமை அதிகாரி கேட்டதும் கொத்தனார் எழுந்தார். மைக்கைக் கொடுத்தார்கள். மைக்கில் பேசிப் பழக்கமில்லாததால் அவர் மூச்சுதான் முதலில் கேட்டது.

"என் கிணத்துல எடுத்தது என் கிணத்துத் தண்ணி இல்லைங்க. லாரித் தண்ணி. நான்தான் ஊத்தினேன். ஏமாத்தணும்னு இல்ல. கிணறு அழுக்கா இருந்துது, அதான்."

மண்ணம்மா கண்ணை மூடித் திறந்தார். நிம்மதி போலத்தான் இருந்தது. அவர் எழுந்து, அந்த ஒரு கிணற்றில் மட்டும் மறுமாதிரி எடுக்க அனுமதி கேட்டார்.

இன்ஜினியர் அவசரப்படாமல் எழுந்தார். "எங்களுக்கும் அதேதான் வேணும். ஆனா ஒரு கிணத்துல மட்டும் ஏன்? ஒருத்தர் தன் கிணத்துல வெளித் தண்ணி ஊத்தியிருக்கார். துறை கண்டுபிடிக்கலை. மத்தவங்க கிணத்துல யார் எதை ஊத்தினாங்கன்னு எப்படி நம்பறது? சுத்தமாக் காட்ட ஊத்தலாம்னா, அழுக்காக் காட்டவும் ஊத்தலாம். மொத்த மாதிரியையும் ரத்து செய்யணும்."

"ஏய், என் சட்டை மஞ்சளானது பொய்யா?" என்று லாண்டரிக்காரர் கத்தினார்.

"சட்டையை மாதிரியாக் கணக்குல எடுக்க முடியாதுங்க" என்றார் இன்ஜினியர்.

தலைமை அதிகாரி பக்கத்திலிருந்தவருடன் குனிந்து பேசினார். பிறகு அறிவித்தார்: மாதிரிகள் எல்லாம் ரத்து. கோடு ரத்து. கிணறுகளில் இயற்கையாக நீர்மட்டம் ஏறிய பிறகு, அதாவது மழைக்குப் பின், அத்தனை வீட்டிலும் புதிதாக மாதிரி எடுக்கப்படும். அதுவரை யாரும் எந்தக் கிணற்றையும் தொடக்கூடாது.

"அப்போ எங்களுக்கு வர்ற தண்ணி வண்டி?" லாண்டரிக்காரர் மனைவி கேட்டாள்.

"அது தற்காலிகக் கோட்டின் பேரில் விடப்பட்டது. கோடே இல்லாதபோது வண்டியை விட முதலாளிகளைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. தனியாகக் கோரிக்கை கொடுங்கள், பரிசீலிப்போம்."

கூட்டம் அப்படியே கொத்தனார் பக்கம் திரும்பியது. லாண்டரிக்காரர் எழுந்து வந்தார். "என்னய்யா பண்ணிட்டே?" என்றார். "எங்களுக்குக் கிடைச்சிட்டிருந்த ஒரே தண்ணியையும் நிறுத்திட்டியே."

பின்வரிசை வீடுகளிலிருந்து வந்திருந்த ஒரு பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிரிஜ் மேலிருந்த தாளைப் பார்த்துப் போனவர்களில் ஒருத்தி.

"உன் கிணறு சுத்தம்னுதானே நாங்களும் எங்க கிணத்துல குடிச்சோம்! உன் வீட்டு வாசல்ல நின்னு கேட்டேனே, தலையை ஆட்டினியே! இன்னிக்குக் காலை வரைக்கும் குடிச்சோமேய்யா!"

கொத்தனார் கையில் மைக் இன்னும் இருந்தது. அவர் பதில் சொல்வார் என்று எல்லோரும் நின்றார்கள். அவர் அதை நாற்காலி மேல் வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் அவர் மணலும் சிமெண்டும் கலந்தார். கிணற்றின் வாய்க்குப் பொருத்தமாகக் கம்பி வளைத்து, பலகை அடித்து வைத்திருந்தார். மூடிவிட்டால் யாரும் மொள்ள முடியாது. செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். முதல் கரண்டி அள்ளும்போது மண்ணம்மா வந்துவிட்டார். கையில் மஞ்சள் நாடாச் சுருள்.

"அண்ணே, வைங்க கீழ."

"மூடிடறேன் மேடம். குழந்தை இருக்கற வீடு."

"மூடக்கூடாது. சிமெண்டு உள்ள விழுந்தா தண்ணியோட குணமே மாறிடும். அப்புறம் இந்தக் கிணறும் போச்சு, பின்வரிசையும் போச்சு. இதுல இருக்கற அழுக்குதான் இப்ப எல்லாருக்கும் சாட்சி. தொடாம விடுங்க."

"திறந்தே கிடக்கணுமா?"

"திறந்தே கிடக்கணும்."

"எதுவரைக்கும்?"

"மழை வரணும். அப்புறம் ஆர்டர் வரணும்." அவர் சுற்றுச்சுவரைச் சுற்றி நாடாவைக் கட்டினார். முடிச்சுப் போடும்போது குனிந்தபடியே சொன்னார்: "நேத்து நீங்க சொன்னது சரிதான். நீங்க சொல்லலைன்னா நான் எடுத்தது பொய்யாவே நின்னிருக்கும். ஆனா அதை உங்க தெருகிட்டே எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் தெரியலை. தண்டனை விஷயமா நோட்டீஸ் வரும். உங்க தரப்புல நான் எழுத முடிஞ்சதை எழுதறேன்."

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

"முடிவு என்னிக்கு வருமாம்?" என்றாள் அம்மா.

"சொல்லலை. அங்கேருந்து அப்படியே அவர்கிட்டே போறேன்."

"மாப்பிள்ளை இருக்கறது ஒரே ரூம்தானேடி…"

"குழாய் இருக்கு."

கொத்தனார் வழியில் நின்றிருந்தார். கையில் கரண்டி. பேரன் அவரைப் பார்த்ததும் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினான். அவர் கையிலிருந்த சிமெண்டைச் சட்டையில் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் மகள், "தள்ளுங்கப்பா" என்றாள். அவர் தள்ளி நின்றார்.

ஆட்டோ போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும், யாரோ யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லி வைவதும் கேட்டன. மனைவி வந்து, கலவை இறுகுது பாருங்க என்றாள். தொட்டியில் அது ஏற்கெனவே இறுகிவிட்டிருந்தது.